வெர்னா சொல்லச் சொன்னது

ஒரு பாடகி, தனக்குத் தொண்டை சரியில்லை என்று என்னிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்பினாள். உரியவரிடம் அதை நான் சொல்லவில்லை. பிறகு அவள் கேட்டபோது, சொன்னேன் என்று பொய் சொன்னேன். அன்றைக்குப் பிறகு அவள் மேடை ஏறவில்லை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது, அவளுக்கு இருபத்தொன்று. இப்போது எனக்கு எழுபத்து நாலு.

கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் கல்யாண மண்டபங்களிலும் ஹோட்டல்களிலும் பாடுகிற, வாசிக்கிற பிள்ளைகள் நீங்கள். என் லண்டன் அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டீர்கள். எப்படி முன்னுக்கு வந்தேன் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிற்கிறது. ஆகையால் அதையே எழுதுகிறேன்.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்த அரசாங்க எழுதுவினைஞர். நான் இங்கேதான் படித்தேன், தேவாலயப் பாடகர் குழுவில் பாடினேன். சட்டம் படிக்க என்று லண்டனுக்கு அனுப்பப்பட்டேன். நான் அறை எடுத்துத் தங்கிய தெருவில் ஜமேக்காவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய இருந்தன. அந்த வீடுகளின் பிள்ளைகள் பெற்றோரின் ரெகே தாளத்தை எடுத்து, அதன் வேகத்தைக் குறைத்து, காதல் பாட்டுப் பாடத் தொடங்கியிருந்த காலம் அது. லவர்ஸ் ரொக் என்று அதற்குப் பெயர். அடியில் கனமான பேஸ் கிட்டார் நடக்கும், மேலே குரல் மெல்லியதாக மிதக்கும். என் குரல் இயல்பிலேயே மெல்லியது. பாடகர் குழுவில் குறையாகச் சொன்னதை அங்கே கேட்டு வாங்கினார்கள். சட்டப் புத்தகங்கள் தூசி படிந்தன.

அந்தத் தொழில் நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போய் இசைத்தட்டுப் போடும் குழுக்கள் இருந்தன. தட்டுப் போடுகிற தலைவரை ஒப்பரேட்டர் என்போம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குரல் இல்லாமல் இசை மட்டும். பாடகர் நேரில் வந்தால் ஒப்பரேட்டர் மறுபக்கத்தைப் போடுவார், அதன் மேல் நாங்கள் பாடுவோம். நீங்கள் இன்று கரோக்கி போட்டுப் பாடுவது போலத்தான். ஒரே வித்தியாசம், தட்டுச் சுழலும் பொறியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதைக் கொஞ்சம் கூட்டினால் இசை முழுவதும் ஒரு படி மேலே போகும், குறைத்தால் கீழே இறங்கும். பாடுகிறவரின் தொண்டை அன்றைக்கு அந்தக் குமிழின் கையில்.

என்னைச் சேர்த்துக்கொண்ட ஒப்பரேட்டர் ஒரு பெரியவர். பகலில் பஸ் திருத்தும் பட்டறையில் வேலை. என் முதல் பாட்டைப் பதிவு செய்தபின் தட்டின் நடுவில் பெயரே அச்சிடாமல் வெறும் வெள்ளைக் காகிதத்தை ஒட்டினார். லண்டனில் பதிவான பாட்டு என்று தெரிந்தால் சனங்கள் வாங்கத் தயங்குவார்கள், பெயர் இல்லாவிட்டால் ஜமேக்காவிலிருந்து இப்போதுதான் வந்திறங்கியது என்று நினைப்பார்கள். அந்த வட்டாரத்தில் அது எல்லோரும் செய்த தந்திரம். என் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. லண்டன் ஆட்கள் பேசியதை எங்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் நினைவில் நிற்கிறது.

"சேகர், சிலோன் பெடியன் பாடினதெண்டு முதலே சொன்னா ஒருத்தனும் கேளான். முதல்ல அவங்கள் ஆடட்டும். பிறகு உன்ர முகத்தைக் காட்டுவம்" என்றார்.

ஆடினார்கள். மூன்று மாதம் கழித்து அவர் என்னை மேடையில் நிறுத்தி, இவன்தான் அது என்று சொன்னபோது மண்டபம் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு கை தட்டியது. அந்த ஒரு நிமிட மௌனத்தை நான் மறக்கவே இல்லை. எப்போது வேண்டுமானாலும் என்னை வெளியே போகச் சொல்லலாம் என்ற நினைப்பு அதிலிருந்து கூடவே வந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வெர்னா அதே ஒப்பரேட்டரிடம் எனக்குப் பின்னால் வந்தவள். ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள். பகிடிக்காரி. நான் மேடைக்குப் போகுமுன் தலைமுடியை நூறு தரம் வாருவேன் என்பதால் எனக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தாள். அவள் குரல் என்னுடையதைவிடப் பெரியது. அதை அடக்கி மெல்லப் பாடுவாள், அதுதான் அழகு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாட்டு மிகவும் பிடித்துவிட்டால் சனங்கள் சுவரில் தட்டுவார்கள். உடனே ஒப்பரேட்டர் ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து போடுவார். என் பாட்டை எப்போதாவது ஒரு தரம் திருப்பிப் போட்டிருப்பார். வெர்னாவின் முதல் பாட்டு வெளிவந்த மாதத்தில் ஒரே நாளில் மூன்று தரம் திருப்பிப் போட்டார். நான் ஓரமாக நின்று கை தட்டினேன். எண்ணிக்கொண்டும் நின்றேன்.

அந்த ஞாயிறு பிற்பகல், ஒரு தேவாலயத்தின் மண்டபம். ஓர் இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து ஆள் வந்திருந்தார். எங்கள் இருவரில் ஒருவரை எடுப்பதாகப் பேச்சு. நான் முதலில், வெர்னா இரண்டாவது. பின்னறையில் வெர்னா கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு இஞ்சி போட்ட வெந்நீரில் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை, எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு. நீ பாடி முடிச்சதும் பெரியவரிட்டச் சொல்லு, என்ர தட்டுக்குக் குமிழைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி. எவ்வளவெண்டு அவருக்குத் தெரியும். நான் இந்தச் சனத்துக்குள்ளால அங்க போய் வந்தா உள்ள குரலும் போயிடும்."

"சரி, நான் சொல்லுறன்" என்றேன்.

பாடி முடித்தேன். கை தட்டினார்கள். பெரியவரின் மேசை மண்டபத்தின் மறுகோடியில் இருந்தது. சனத்தை விலக்கிக்கொண்டு அதனருகே போய் நின்றேன். பெரியவர் வெர்னாவின் தட்டைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தார்.

"பிள்ளை ஆயத்தமோ? எல்லாம் சரியோ?"

"ஓம், சரி" என்றேன்.

மறந்துவிட்டேன் என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. அவள் சொன்ன வார்த்தைகள் அப்படியே வாயில் நின்றன. கம்பெனிக்காரர் மூன்று வரிசை தள்ளி நின்றுகொண்டிருந்ததையும் பார்த்தேன். ஆட்டத்துக்கு விறுவிறுப்பு வரட்டும் என்று பெரியவர் அன்றைக்குக் குமிழை வழமையைவிடச் சற்றுக் கூட்டியே வைத்திருந்தார். அதையும் பார்த்தேன்.

வெர்னா தொடங்கியபோது நன்றாகவே இருந்தது. பாட்டின் நடுவில் குரல் மேலே ஏறி அங்கேயே நிற்க வேண்டிய ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் உடைந்தது. பெரியவர் நல்ல மனிதர். பிள்ளைக்கு இன்னொரு தரம் கொடுப்போம் என்று ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து போட்டார். சனங்களும் நல்ல மனத்தோடு சுவரில் தட்டினார்கள்.

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். தட்டு முதலிலிருந்து ஓடி அந்த இடத்துக்கு வர ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் பிடிக்கும். அந்த ஒன்றரை நிமிடமும் நான் குமிழுக்குப் பக்கத்தில் நின்றேன். கையை நீட்டினால் எட்டும். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் பெரியவரே இறக்கியிருப்பார். முதல் தரம் சொல்லாமல் விட்டது பொறாமை. அதற்குப் பெயர் உண்டு. இரண்டாம் தரம் சொல்லாமல் நின்றதற்கு என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இப்போது சொன்னால், முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் என்று நினைக்கிறேன். ஒரு பிழையை மறைக்க அதையே திரும்பவும் செய்தேன்.

குரல் அதே இடத்தில் உடைந்தது. இந்த முறை யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்தால் மண்டபம் சிரிக்கும். வெர்னா மைக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

"நீ சொன்னனியே?" என்று கேட்டாள்.

"சொன்னனான்."

"அவர் இறக்கினவரே?"

"ஓம். இறக்கினவர்."

அவள் கொஞ்ச நேரம் கழுத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, இறக்கியும் எட்டயில்லை" என்றாள். மேலங்கியைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

செய்தியைச் சொல்லாததால் ஒரு மாலை கெட்டது. சொன்னேன் என்று சொன்னதால் ஒரு குரல் கெட்டது. சும்மா உடைந்திருந்தால் தொண்டைக்கட்டு என்று நினைத்து அடுத்த வாரம் வந்திருப்பாள். இறக்கிப் போட்டும் எட்டவில்லை என்று நம்பியதால்தான் வரவில்லை.

கம்பெனிக்காரர் என்னை எடுத்தார். மூன்று தட்டுகள் வெளிவந்தன. ஒன்று நன்றாகப் போனது. பிறகு மோஸ்தர் மாறியது, நான் ஒரு நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, வார இறுதிகளில் பழைய பாட்டு ரசிகர்களுக்காகப் பாடினேன். இன்றும் யாராவது எங்கிருந்தாவது என் தட்டைப் படம் எடுத்து அனுப்பி, இது நீங்களா என்று கேட்கிறார்கள். அது நல்ல வாழ்க்கைதான். குறை சொல்ல உரிமை இல்லை.

பெரியவரைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். தொழிலை விட்டு வெகு காலம் ஆகியிருந்தது. பேச்சுவாக்கில், "அந்தப் பிள்ளை வெர்னாவின்ர தட்டை நான் திருப்பிப் போட்டிருக்கக் கூடாது. நான்தான் அவளை ரெண்டாந்தரம் விழுத்தினனான்" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. போர்வையைச் சரிசெய்துவிட்டு, "அதை விடுங்கோ" என்றேன். அந்த மாதமே இறந்துபோனார். அவரிடம் சொல்ல இனி வழியில்லை. இந்தக் கதையில் சரிசெய்ய முடியாத பகுதி அது, அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஊர் திரும்பி, கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் அக்காவோடு இருக்கத் தொடங்கியபின் உங்களில் சிலர் என்னைத் தேடி வந்தீர்கள். அப்படித்தான் போன வருடம் தெல்தெனியவில் ஒரு பகல் கல்யாணத்துக்கு நானும் உங்கள் வான் வண்டியில் ஏறினேன். அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன், தர்ஷினியும் ரிஸ்வானும் சம்மதம் தந்திருக்கிறார்கள்.

தர்ஷினி கண்டியில் மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டே பாடுகிறவள். அன்று, அவள் முன்பே நூறு தடவை பாடிய ஒரு பாட்டில், மேலே போகும் இடம் எட்டாமல் குரல் கீறிவிட்டது. மணமகனின் கூட்டாளிகள் ஊளையிட்டார்கள். திரும்பி வரும்போது வானில் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அங்கிள், அடுத்த கல்யாணத்துக்கு வேற யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்க. எனக்கு இனி அந்த இடம் வராது."

"ஒரு நாள் தவறினால் என்ன பிள்ளை? எல்லாருக்கும் வாறதுதானே" என்றேன்.

"தடுமல் இருந்து தவறினா பரவாயில்ல அங்கிள். இன்னைக்கு எனக்கு ஒண்ணுமே இல்ல. நல்லாத்தான் பாடினேன். எட்டல. ஏன்னு தெரியல, அதான் பயமா இருக்கு. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் திடீர்னு குரல் போச்சாம்."

ஏன் என்று தெரியாததுதான் பயம். வெர்னாவின் பக்கத்திலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமையை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

கீபோர்ட் வாசிக்கும் ரிஸ்வான் முன்சீட்டில் இருந்தவன், திகனயைத் தாண்டும்போது திரும்பினான்.

"தங்கச்சி, இங்க பாரு. நீ பாடக்குள்ள எனக்கு வெளங்கல்ல, இப்பதான் யோசிச்சுப் பாத்தேன். ஒனக்கு முந்தின பாட்டுக்கு ட்ரான்ஸ்போஸ்ல சுருதிய ரெண்டு ஸ்டெப் கூட்டினேன். திரும்பக் கொறைக்க மறந்துட்டேன். ரெண்டு ஸ்டெப் மேலதான் நீ நின்டு பாடீக்கிற. ஒன்ட தொண்டைல ஒண்டுமில்ல. என்ட பிழ."

தர்ஷினி ஜன்னலை விட்டுத் திரும்பினாள். "நெசமாவா, ரிஸ்வான் நானா? என்னைய சமாதானப்படுத்துறதுக்காகச் சொல்றீங்களா?"

"சமாதானப்படுத்த நான் என்னத்துக்கு ஏச்சு வாங்கணும்? வேணுமெண்டா அடி."

மடியில் இருந்த பாட்டுக் கொப்பியைச் சுருட்டி அவன் தலையில் இரண்டு அடி போட்டாள். "ஒண்ணு எனக்கு. ஒண்ணு அந்த ஊளைக்கு." வான் முழுக்கச் சிரித்தார்கள். தேநீருக்கு நிறுத்தினோம். ஒரு ரோல்ஸும் பிளேன்டீயும் முடிவதற்குள் அவள் அதே பாட்டை அதே இடத்தில், மேசையில் தாளம் தட்டிக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல் பாடிக் காட்டினாள். ரிஸ்வான் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு விஷயம் முடிந்துவிட்டது.

நான் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாற்பத்தேழு வருடங்களாக நான் தூக்கித் திரிந்ததை அவன் தெல்தெனியவுக்கும் கண்டிக்கும் இடையில் இறக்கி வைத்துவிட்டான். அவன் மறந்தான், நான் மறக்கவில்லை என்ற வித்தியாசம் உண்டு. ஆனாலும் சொல்லும்போது வாய்க்கு வருகிற வார்த்தை ஒன்றேதான். என்னுடைய பிழை. இவ்வளவு சின்னதா அது என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர் கண்ணாடியைக் கழற்றாமல் முழுவதையும் கேட்டார்.

"இதை ஏன் எனக்குச் சொல்லுறாய்? எனக்கோ குரல் உடைஞ்சது?"

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவளைத் தேடிப் பிடிச்சு என்னத்தைச் சொல்லுறது அக்கா? அவள் மறந்திருப்பாள்."

"மறந்திருந்தா, ஆர் நீ எண்டு கேப்பாள். கேக்கட்டும்."

பழைய லவர்ஸ் ரொக் தட்டுகளை இணைய வானொலியில் ஞாயிறுதோறும் போடும் ஒருவர் லண்டனில் இருக்கிறார். அவர் மூலம் வெர்னாவின் மகள் கிடைத்தாள், மகள் மூலம் வெர்னாவின் எண். அழைத்தேன். அக்கா அறையை விட்டுப் போகாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் பாதியில் வெட்டிவிடுவேன் என்று அவருக்குச் சந்தேகம்.

"ஆர், மாப்பிள்ளையோ?" என்றாள் வெர்னா. குரல் தடித்திருந்தது, ஆனாலும் அவள்தான். "செத்துப் போனாயெண்டெல்லோ நினைச்சன்."

நலம் விசாரிப்பை நீட்டிக்கொண்டு போனால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். அதனால் உடனே சொன்னேன். பெரியவரிடம் நான் சொல்லவில்லை. குமிழ் இறங்கவில்லை. வழமையைவிடக் கூட்டியிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கே ஒரு கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் வந்தது. பிறகு கேட்டாள். "ரெண்டாந்தரமும் இறக்கயில்லையோ?"

"இல்லை."

"நீ சொன்னனானெண்டாய்."

"பொய் சொன்னனான்."

"அப்ப அவர் கூட்டின இடத்தில நான் தொண்டை கட்டினபடி நிண்டு பாடியிருக்கிறன்."

"ஓம்."

தொலைபேசியை வைத்துவிட்டாள். கோபமாகக்கூட வைக்கவில்லை.

எட்டு நாட்கள் ஒன்றுமில்லை. அக்கா தினமும் காலையில் என் முகத்தைப் பார்ப்பார், தேநீரை வைத்துவிட்டுப் போவார். ஒன்பதாம் நாள் மகள் அழைத்தாள். லண்டனில் பஸ் ஓட்டுகிறவள். சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"அம்மா சொல்லச் சொன்னா. அண்டைக்குச் சிரிச்ச ஆக்கள் ஒரு மண்டபம் நிறைய. அதில உயிரோட இருக்கிற ஆக்கள் ஞாயிற்றுக்கிழமை அந்த ரேடியோவைத்தான் கேக்கினம். தனக்கு ஃபோனில சொன்னதை நீங்கள் அங்க சொல்ல வேணுமாம். அவ கேப்பாவாம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் தோன்றியது அவளைப் பற்றியே அல்ல. அந்த நிகழ்ச்சியைக் கேட்பவர்கள்தான் என் மூன்று தட்டுகளையும் இன்னும் வைத்திருப்பவர்கள். எனக்கு மிச்சமாக இருந்த நல்ல பெயர் முழுவதும் அந்தச் சில நூறு வீடுகளில்தான் இருந்தது. ஆனாலும் கேட்டவள் வெர்னா. சரி என்றேன்.

ஞாயிறு. அங்கே பிற்பகல், இங்கே விளக்கு வைக்கும் நேரம். ரிஸ்வான் தன் ஹெட்போனோடு வந்து இணைப்பைச் சரிபார்த்துவிட்டு, நான் கேட்காமலே வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். நிகழ்ச்சி நடத்துபவர் என் பாட்டைப் போட்டு, என்னைப் புகழ்ந்து வரவேற்றார். புகழ்ச்சி முடியும்வரை காத்திருந்து, இந்தப் பாட்டை எனக்குப் பதிலாக வெர்னா பாடியிருக்க வேண்டும் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் குற்றமில்லாதவர் என்பதையும் சொன்னேன். அவர் பிள்ளைகள் யாராவது கேட்டால் நல்லது என்று நினைத்தேன். நிகழ்ச்சி நடத்துபவர் நேயர்களின் செய்திகளை வாசிக்கத் தொடங்கினார். வெட்கங்கெட்டவன் என்று ஒருவர். என் தட்டை இனிமேல் போட வேண்டாம் என்று இன்னொருவர். மூன்றாவது செய்தியை அவர் மெதுவாக வாசித்தார். "நான் அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்தேன். நானும் சிரித்தேன். அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்."

"அந்தப் பெண் லைனில் இருக்கிறார்" என்றார் அவர்.

வெர்னா வந்தாள். "முதல்ல ஒரு திருத்தம். இஞ்சித் தண்ணி எண்டு சொன்னான். அதில எலுமிச்சம்புளியும் இருந்தது. மற்றதெல்லாம் சரி."

நிகழ்ச்சி நடத்துபவர் சிரித்துவிட்டார். நானும் என்னையறியாமல் சிரித்தேன். பிறகு அவள் சொன்னாள். "இவ்வளவு காலமும் நான் தேவாலயத்தில வாயை மட்டும்தான் அசைக்கிறனான். என்ர தொண்டை என்னைக் காட்டிக் குடுத்ததெண்டு நினைச்சிருந்தன். அது பாவம், ஒண்டும் செய்யயில்லை."

"ஒரு நாளைக்கு எங்கள் நிகழ்ச்சியில் பாடுவீர்களா?" என்று கேட்டார் அவர்.

"என்னத்துக்கு? எனக்குப் பாட வேணுமெண்டில்லை. பாடியிருப்பனெண்டு தெரிய வேணும். தெரிஞ்சிட்டுது."

"சேகரை மன்னித்துவிட்டீர்களா?"

"அது ரேடியோவில சொல்லுற கதையில்லை. எனக்கு அடுப்பில சோறு கிடக்கு" என்று வைத்துவிட்டாள்.

ஹெட்போனைக் கழற்றினேன். காது இரண்டும் வியர்த்திருந்தன. அக்கா விளக்கைப் போட்டார். வெளியே வந்தபோது ரிஸ்வான், "முடிஞ்சா அங்கிள்?" என்றான். முடிந்தது என்றேன். மூவரும் கடையிலிருந்து வாங்கி வந்த இடியப்பத்தைச் சாப்பிட்டோம். எனக்கு அன்றைக்குத்தான் நல்ல பசி.

அதன் பிறகு சில வாசல்கள் சாத்தப்பட்டன. வருடாந்த ஒன்றுகூடலுக்கு என்னை அழைப்பதாகச் சொல்லியிருந்தவர்கள் இப்போது பதில் போடுவதில்லை. அது நியாயம். பெரியவரின் பேரன் ஒருவன் எழுதினான். தாத்தா அந்தப் பிள்ளையைப் பற்றிக் கடைசிவரை பேசுவார் என்று மட்டும் எழுதியிருந்தான். அதற்கு நான் எழுதிய பதிலை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மேடையில் பிழை வரும். குமிழ் கூடியிருக்கும், ட்ரான்ஸ்போஸ் மறந்துபோகும், ஒருவர் சொல்லி அனுப்பியது உங்கள் வாயில் வந்து நிற்கும். அதைச் சொல்லிவிடுங்கள். முதல் தரம் சொல்லத் தவறினால், பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடும்போதாவது சொல்லுங்கள். அதுவும் தவறினால் வான் வீட்டுக்கு வந்து சேருமுன் சொல்லுங்கள். ரிஸ்வான் செய்ததை நான் இருபத்தாறு வயதில் செய்திருந்தால் எனக்கு மூன்று இசைத்தட்டுகள் குறைந்திருக்கும், ஒரு கூட்டாளி மிஞ்சியிருப்பாள்.

வெர்னா அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. போன மாதம் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"அம்மா இப்போது சமையலறையில் பாடுகிறார். காலையிலும் பாடுகிறார், நான் வேலை முடிந்து வந்து படுக்கும்போதும் பாடுகிறார். இந்த வீட்டில் நான் பிறந்த நாள் முதல் கேட்காத சத்தம். அறைக் கதவைச் சாத்தினாலும் கேட்கிறது. உங்களுக்கு நன்றி சொல்வதா, ஏசுவதா என்று தெரியவில்லை."